பச்சை பீரோவின் சாவி

1

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் வழக்கமாக விமானத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த விமானத்தைப் பற்றி ஒன்றும் ஞாபகமில்லை. வழி முழுக்க மடியில் ஒரு ஃபைலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும்தான் ஞாபகம். அதனால் நான் ஒரு பீரோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்கும் முன்னால் போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்பீர்கள்.

போட்ஸ்வானாவில் ஓர் அரசாங்கப் பள்ளியில் ஒன்பது வருஷமாக இங்கிலீஷ் டீச்சராக இருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அதற்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கானா நாட்டுக் கணக்கு வாத்தியார், பின்னால் ஜிம்பாப்வேயிலிருந்து வந்த நர்ஸ். எல்லோர் கையிலும் ஒரு ஃபைல், எல்லோர் முகத்திலும் ஒரே கவலை. கவுண்டரில் இருந்தவள் சின்னப் பெண். இங்கே எடுத்தவுடனே விஷயத்துக்குப் போகக்கூடாது. "துமேலா, ம்மா" என்று வணக்கம் சொல்லி, நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டு, அவள் நம்மைக் கேட்டு, அப்புறம்தான் காகிதம். அதெல்லாம் முடிந்து என் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டாள். கொடுத்தேன். நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள், முத்திரை குத்தினாள், ஆறையும் அடுக்கி ஃபைலில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். வலது கையால் நீட்டி, இடது கையால் அந்த முழங்கையைத் தாங்கிப் பிடித்துக் கொடுப்பது இந்த ஊர் மரியாதை.

அவள் நீட்டி முடிப்பதற்குள் நான் அதைப் பிடுங்கினேன். கொடுப்பதை வாங்குவது என்று சொல்ல முடியாது, பிடுங்கல்தான். பொத்தான் வைத்த ஃபைல், பொத்தான் தெறித்துத் திறந்துகொண்டது. அந்தப் பெண் பயந்துபோய்ச் சொன்னாள், "ஏன் மேடம்? இது உங்களுடையது. இதை நாங்கள் எதற்கு வைத்துக்கொள்ளப் போகிறோம்?"

நியாயமாக நான் சிரித்திருக்க வேண்டும். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. வேனில் திரும்பி வரும் வழி முழுக்க மனசுக்குள் யாரையோ திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து சட்டியை அடுப்பில் வைத்தபோது, என் கணவர் சாமுவேல் "மெதுவா வை, அது ஒண்ணும் பண்ணலையே" என்றார்.

2

அம்பத்தூரில் நான் வேலைபார்த்த மெட்ரிகுலேஷன் பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் அப்படி ஒரு பீரோ இருந்தது. எங்களுடையது பச்சை, வேறு பள்ளியில் சாம்பல் நிறமாக இருந்திருக்கும்.

எங்கள் கரஸ்பாண்டென்ட் பள்ளிக்கூடம் ஆரம்பிப்பதற்கு முன்னால் மரம் அறுக்கும் மில் வைத்திருந்தார். மில் கொட்டகையைத் தடுத்துத்தான் வகுப்பறைகள். வகுப்பு நடக்கும்போது மேலேயிருந்து மரத்தூள் உதிரும். நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னாம்மா எஸ்தரு, ஒரிஜினல்லாம் எட்தாந்துட்டியா?"

எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி., பி.ஏ., எம்.ஏ., பி.எட்., அப்புறம் நன்னடத்தைச் சான்று. ஆறையும் கொடுத்தேன்.

"வாடகை ஊட்ல கரையான் அரிக்கும், எலி கடிக்கும். நம்ம கையில இருந்தா பத்திரமா இருக்கும்மா" என்று சொல்லி, பச்சை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். ரசீது கிடையாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "தேங்க் யூ சார்" என்றேன், நல்ல உச்சரிப்போடு. வேறு எதற்காகவும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு தேங்க் யூவுக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

பதினெட்டு வருஷம் படித்து வாங்கிய காகிதம். அதைப் பூட்டி வைக்க அவருக்கு என்ன உரிமை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. படித்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருந்தோம், அதில் இரண்டு பேர் முதுகலை. ஒருத்திகூடக் கேட்கவில்லை. எந்தப் பள்ளியில் ஒரிஜினல் கேட்பார்கள், எங்கே கேட்கமாட்டார்கள் என்று, எந்தத் தெருவில் தண்ணீர் வருகிறது என்பதைப் போலப் பேசிக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் வீரம்.

சொந்தச் சான்றிதழ் நமக்கே வேண்டுமென்றால் அதற்கு ஒரு நோட்டு உண்டு. ஒரு சமயத்தில் ஒருத்திதான் எடுக்கலாம். ஒரே ஒரு நாள். பீரோவுக்குள் சான்றிதழ் இருக்கிற இன்னொரு டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும். எடுத்தவள் திரும்பி வராவிட்டால் கையெழுத்துப் போட்டவளுடையது வெளியே வராது. 'ஜாமீன் கையெழுத்து' என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். சிரித்துக்கொண்டே சொல்வோம், அதுதான் இன்னும் எரிச்சல்.

இங்கிலீஷ் டீச்சர்கள் பாடு இதில் தனி. தமிழில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்தில் மில்லில் மிச்சமான ஒரு மரப்பலகையை மாட்ட வேண்டும். நானும் மாட்டியிருக்கிறேன். ஆண்டுவிழாவில் கரஸ்பாண்டென்ட் படிக்கும் ஆங்கில உரையைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் மகளுடைய கல்யாணப் பத்திரிகை, முனிசிபாலிட்டிக்குக் கடிதம், அவர் மச்சானுக்கு துபாய் விண்ணப்பம், எல்லாம் நாங்கள்தான். அவருடைய மகன் அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் போக, 'உங்கள் பல்கலைக்கழகத்தை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன்' என்று இரண்டு பக்கம் எழுதியவள் நான். பச்சை பீரோவை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போது முதுகு பீரோவில் இடித்துக்கொண்டே இருந்தது. பையன் போனதும் எங்களுக்கெல்லாம் ஜாங்கிரி கொடுத்து, "பசங்க நாலு எடத்துக்குப் போனாத்தான் உருப்படும்" என்றார். நான் அந்த ஜாங்கிரியையும் தின்றேன்.

3

வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளியில் இருந்த இரண்டு முதுகலை இங்கிலீஷில் நான் ஒன்று, அவள் இன்னொன்று. ஆவடியிலிருந்து ரயிலில் வருவாள். அவள் அப்பா பூந்தமல்லிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிவேலை செய்தவர், பிற்பாடு ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அந்த வீட்டில் முதல் பட்டம் அவளுடையது.

அவர் ஒருநாள் மகளிடம், "அந்த எம்.ஏ. பேப்பர ஒரு தபா கையில வச்சிப் பாக்கணும்மா" என்று கேட்டிருக்கிறார். வசந்தா தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னாள். நான்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மூலையில் மஞ்சள் பொட்டு வைத்துவிட்டார் அவர். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னாலேயே வசந்தா அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். பொட்டைப் பார்த்துவிட்டு கரஸ்பாண்டென்ட், "யுனிவர்சிட்டி பேப்பரை இப்படியா அசிங்கம் பண்ணுவாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அவள் நோட்டில் தேதி போட்டாள்.

எண்பத்தெட்டாம் வருஷம் பாடியில் சாமுவேல் வேலைபார்த்த ஃபாக்டரியில் கதவடைப்பு. எட்டு மாசம். எங்கள் மகள் பிரிஸி அப்போது நாலு வயசுக் குழந்தை. அந்த நேரத்தில்தான் ஆப்பிரிக்காவில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தை வசந்தா வெட்டிக் கொண்டுவந்து என் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தாள்.

"ஊர்ல இருக்கறவன் எல்லாருக்கும் அப்ளிகேஷன் எழுதறோம். ஒரே ஒரு தடவை நம்மளோடத எழுதலாம்டி" என்றாள்.

எழுதினோம். நகரத்தில் ஒரு ஓட்டலில் நேர்காணல். போட்ஸ்வானாவிலிருந்து வந்திருந்த பெரிய மனுஷி ஒருத்தி வசந்தாவிடம் எதற்காக இந்த வேலை என்று கேட்டாளாம். "நான் சொல்லிக் கொடுக்கிற பாஷையில் யாராவது எனக்குப் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை" என்றாளாம் இவள். இரண்டு பேரும் தேர்வாகிவிட்டோம்.

அதற்கு முன்பே அவள் மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வார வேண்டுதல் தொடங்கியிருந்தாள். வாரத்துக்கு இரண்டு எலுமிச்சம்பழம். நான் சி.எஸ்.ஐ. சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் இரண்டு வாரம் துணைக்குப் போனேன். "உனக்கும் சேத்துத்தான் வேண்டியிருக்கேன், உங்க ஆளு கோவிச்சுக்க மாட்டாரே?" என்று கேட்டுச் சிரிப்பாள். ஐந்து வாரம் முடிந்திருந்தது. ஒரிஜினல் சரிபார்க்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாள் மட்டும்.

4

வேலையை விடுகிறோம் என்றால் கரஸ்பாண்டென்ட் வருஷ நடுவில் விடமாட்டார், ஒரிஜினலைக் கண்ணில் காட்டமாட்டார். அதனால் தபால்வழி எம்.ஃபில். சேரப்போகிறோம் என்று சொன்னோம். ஒரு சமயத்தில் ஒருத்திதானே எடுக்கலாம்? வியாழக்கிழமை அவள் ஜாமீனில் நான் எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, சாயங்காலமே திரும்ப வைத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை என் ஜாமீனில் அவள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து ராஜினாமா கொடுத்துச் சண்டை போடலாம். இவ்வளவுதான் திட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இதைவிட நன்றாகத் திட்டம் போடும்.

வியாழன் காலையில் வசந்தா நோட்டில் கையெழுத்துப் போட்டாள். பியூன் முனுசாமி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கரஸ்பாண்டென்ட், "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்துடணும்" என்று என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார்.

நகரத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. முடிந்தபின் அந்த அலுவலகத்தில் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: அடுத்த குழு புதன்கிழமை கிளம்புகிறது, குழந்தையையும் கணவரையும் கூட்டிப்போகலாம், ஆனால் கிளம்பும்போது ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். வலது பக்கம் போனால் பள்ளி, இடது பக்கம் போனால் வீடு. நான் இடது பக்கம் போனேன். கொஞ்சநேரம் நின்று யோசித்தேன், அழுதேன் என்றெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. கால்கள் தெரிந்துதான் போயின. வீட்டில் சாமுவேல் ஃபைலைப் பார்த்துவிட்டு, "உள்ள போச்சுன்னா திரும்ப வெளிய வருமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு வசந்தா ஆறேமுக்கால் வரைக்கும் பள்ளி கேட்டில் நின்றாளாம். மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தாள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். சாமுவேல் வாசலில் நின்று, "எஸ்தர் வீட்ல இல்லம்மா, அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. என் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

வசந்தா சொன்னாள், "இந்த ஃபைல் எனக்குன்னு ஆவடி மார்க்கெட்ல வாங்கினேன். இன்னைக்கு எனக்குத் தேவைப்படாது. அவகிட்ட குடுங்க அண்ணே. மழை வரும்போல இருக்கு, ஒரிஜினல் நனையாம பாத்துக்கச் சொல்லுங்க."

நீல நிற பிளாஸ்டிக் ஃபைல், பொத்தான் வைத்தது. அதில்தான் இத்தனை வருஷமும் என் சான்றிதழ்கள் இருக்கின்றன.

5

இந்த ஊரைப் பற்றி எழுதச் சொல்லித்தான் பத்திரிகை ஆசிரியர் கேட்டார். எழுதுகிறேன். சிவப்புப் புழுதி. ஜூன், ஜூலையில் பல் கிட்டும் குளிர். பள்ளி வளாகத்திலேயே வீடு. சோளக்களி எனக்குப் பழகிவிட்டது, சாமுவேலுக்குப் பழகவில்லை. அவர் ஒரு லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் நின்றுகொண்டு பாடியில் சாப்பிட்ட பரோட்டாவைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளைகள் வகுப்பில் என் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள், அது மரியாதைக் குறைவாம். முதல் வருஷம் எல்லோரும் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்து, வகுப்பு முழுவதையும் திட்டித் தீர்த்தேன். பிற்பாடு தெரிந்து வெட்கப்பட்டேன்.

இங்கே பிள்ளைகள் தங்கள் பாஷையில் பேசினால் கழுத்தில் பலகை மாட்டுவதில்லை. நான் மாட்டிய பலகைகள் ஞாபகம் வருகிற நாட்களில் எனக்குப் பாடம் நடத்தப் பிடிப்பதில்லை.

பிரிஸிக்கு இப்போது பதின்மூன்று. தமிழ் புரியும், படிக்க வராது. அம்பத்தூரை 'உங்க ஊர்' என்பாள். நீ பிறந்ததும் அங்கேதான் என்றால், "அதுக்கு நான் என்னம்மா பண்றது?" என்று தோளைக் குலுக்குகிறாள். நான் எங்கே போனாலும் கைப்பையில் அந்த நீல ஃபைலைத் தூக்கிக்கொண்டு போவேன், சர்ச்சுக்கு, கறிக்கடைக்கு, பிள்ளைகளின் கால்பந்துப் போட்டிக்குக்கூட. அவள் அதற்குத் 'தம்பி' என்று பெயர் வைத்திருக்கிறாள். "அம்மா, தம்பி சாப்ட்டானா? தம்பிக்குக் குளிருமே, ஸ்வெட்டர் போடலையா?" வீட்டில் வைத்தால் என்ன என்று அவள் ஒருமுறை நிஜமாகவே கேட்டாள். வீட்டில் கரையான் அரிக்கும் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. யாருடைய வார்த்தை அது என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நான் கிளம்பிய பிறகு என்ன நடந்தது என்று சர்ச்சுத் தோழி ஒருத்தி எழுதியிருந்தாள். கரஸ்பாண்டென்ட் வசந்தாவைக் கூப்பிட்டு, "கையெழுத்துப் போட்டது நீ. அவ வந்து வச்சாத்தான் உன்னுது வெளிய வரும்" என்று சொல்லிவிட்டாராம். போட்ஸ்வானா வேலை அந்த வெள்ளிக்கிழமையோடு போயிற்று. காணாமல் போய்விட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்தால் பல்கலைக்கழகத்தில் நகல் வாங்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். அதற்கு வசந்தா, "காணாம போகலையே, பத்து அடி தள்ளி பீரோவுல இருக்கே" என்றாளாம்.

அவளுக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றிலும் அந்தக் கரஸ்பாண்டென்டைக் கிழி கிழி என்று கிழித்திருந்தேன். பதில் வரவில்லை. நாலாவது எழுதவில்லை. இந்த நாட்டில் எங்கே எது கோணலாகப் போனாலும், பால் திரிந்தாலும், அரசாங்க அலுவலகத்தில் நாளைக்கு வா என்றாலும், நான் மனசுக்குள் அந்த மனுஷனைத்தான் திட்டுவேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

6

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகப் போன டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனோம். டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து நான் கரஸ்பாண்டென்டிடம் பேசப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஆங்கிலத்தில், அவருக்குப் புரியாத பெரிய வார்த்தைகளாக. அப்புறம் தமிழில், நன்றாகப் புரிகிற மாதிரி. வசந்தாவின் சான்றிதழை வாங்கிக் கொடுக்காமல் அந்த அறையைவிட்டு நகர்வதில்லை என்று சாமுவேலிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார்.

பிரிஸியை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டியபோது, பழக்கதோஷத்தில் இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு வாங்கினேன். "இன்னாம்மா, கை சுளுக்கா? குந்திக்கினு வாம்மா" என்று அவர் ஒருவரை எழுப்பிவிட்டு எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. திட்ட வேண்டியதை மறந்துவிடப் போகிறேனே என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

கொட்டகை போய் மூன்று மாடிக் கட்டடம். கேட்டில் அதே முனுசாமி.

"எஸ்தர் மிஸ்ஸா? இன்னா மிஸ், அடையாளமே தெரியல! எப்போ வந்தீங்கோ?"

"கரஸ்பாண்டென்ட் சார் இருக்காரா?"

"அவரு மூணு வருசமா படுத்த படுக்கையா கீறாரு மிஸ். பேச்சே இல்ல. புள்ளதான் அமெரிக்காலேர்ந்து போன்ல எல்லாம் கேட்டுக்கினு கீறாரு. இங்க இப்போ வசந்தா மிஸ்தான் பிரின்சிபாலு. பீரோ சாவிகூட அவுங்க கையிலதான் கீது."

ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்த வசவு வாயிலேயே நின்றுவிட்டது. பேச்சில்லாத ஆளைப் போய்த் திட்டவா?

அறை வாசலில் நின்றேன். அதே பச்சை பீரோ, இப்போது புது வண்ணம். வசந்தாவுக்கு முன்பக்கம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை. "உட்காரு" என்று நாற்காலியைக் காட்டினாள். அவளுக்கு முன்னால் ஒரு இளம் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். இங்கிலீஷ் டீச்சர்தான், பேச்சிலேயே தெரிந்தது.

"எங்க அக்கா வீட்டுக்காரர் மஸ்கட்ல ஒரு ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்கார் மிஸ். ஒரிஜினல் கேக்கறாங்க."

"வருஷ நடுவுல விட முடியாதும்மா" என்றாள் வசந்தா. "மார்ச் முடியட்டும், நானே எடுத்துத் தரேன். அதுவரைக்கும் இங்க இருந்தா பத்திரமா இருக்கும்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்.

"உனக்கு வெக்கமா இல்ல வசந்தா? அந்த ஆளு சொன்ன அதே வார்த்தை!"

"வெக்கப்பட வேண்டியது நானா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. "அவ போயிடுவா எஸ்தர். போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா அவளுக்குக் கையெழுத்துப் போட்டவ இங்க நிப்பா. அப்படி நிக்கறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

"சாவி உன்கிட்டதானே இருக்கு? கையெழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு எல்லாத்தையும் எடுத்து எல்லார் கையிலயும் குடுத்துடேன்!"

"குடுக்கலாம். ராத்திரியே அமெரிக்கால இருந்து போன் வரும். மறுநாள் சாவி வேற ஒருத்தி கையில இருக்கும். நானாவது மார்ச்சுல குடுக்கறேன்." அப்புறம், "அவன் அமெரிக்கா போகக் கடுதாசி எழுதி அனுப்பி வச்சது நீதானே. நல்லா எழுதியிருந்த" என்றாள்.

எழுந்து பீரோவைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து பழைய நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். மரத்தூள் வாசனை இன்னும் அதில் இருந்தது. பெயர், எடுத்த தேதி, காரணம், ஜாமீன், திரும்ப வைத்த தேதி. ஒரு வரியில் அவள் பெயர், என் கையெழுத்து, மறுநாளே திரும்ப வைத்த தேதி. அதற்குக் கீழே சில வரிகள் தள்ளி என் பெயர், அவள் கையெழுத்து. கடைசிக் கட்டம் காலி.

நோட்டோடு ஒரு உறையும் வெளியே வந்திருந்தது. மேலாக இருந்த காகிதத்தின் மூலையில் மங்கிப்போன மஞ்சள் பொட்டு.

"சாவி வந்து மூணு வருஷம் ஆச்சே. இதை ஏண்டி எடுக்கல?" என்று கேட்டேன்.

"முதல்ல அவர் குடுக்கல. அப்புறம் நான் எடுக்கல. இந்தக் கட்டம் காலியா கெடக்கறவரைக்கும் எடுக்க மாட்டேன்னு எனக்கு ஒரு வீம்பு. அப்பா சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, இன்னொரு தடவை பாக்கணும்னு. அப்பவும் எடுக்கல." பேனா மூடியைத் திறந்தாள். "ஒண்ணு பண்ணு. உன் ஃபைல் இருக்கில்ல? இந்த பீரோவுல ஒரு நிமிஷம் வை. நான் தேதி போட்டுடறேன். உடனே எடுத்துக்கோ. நானும் என்னுதை எடுத்துக்கறேன். ஒரே ஒரு நிமிஷம்."

கைப்பை என் மடியில் இருந்தது. ஜிப்புக்கு வெளியே நீல மூலை தெரிந்துகொண்டிருந்தது. எதிரில் இருப்பவள் வசந்தா, பீரோ திறந்திருக்கிறது, சாவி அதிலேயே தொங்குகிறது. பூட்டமாட்டாள் என்று எனக்குத் தெரியும். உலகத்தில் ஒரு ஆளை நான் நம்பலாம் என்றால் அது அவள்தான் என்றும் தெரியும்.

என் இரண்டு கையும் கைப்பையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டன.

வசந்தா என் கைகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் பேனாவை மூடினாள். நோட்டையும் மஞ்சள் பொட்டு வைத்த காகிதத்தையும் அடித்தட்டில் இருந்த இடத்திலேயே வைத்துப் பீரோவைப் பூட்டினாள்.

"சரி, கெளம்பு. மழை வரும்போல இருக்கு" என்றாள். "ஒரிஜினல் நனையாம பாத்துக்கோ."

வெளியே வந்தேன். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.